எடுக்காத அளவுகள்

என்னைப் பற்றி நல்லபடியாகச் சொல்லிக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை. அதனால்தான் இவ்வளவு காலம் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாக இருந்த வருடங்கள். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் நான் டெமான்ஸ்டிரேட்டர். விரிவுரையாளர் ஆக வேண்டுமானால் ஏதாவது ஓர் ஆய்வு செய்து காட்டு என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார். அவரே சென்னைக்குப் போனபோது பழைய ராணுவச் சாமான் விற்கிற கடையிலிருந்து ஒரு குவார்ட்ஸ் படிகம் வாங்கி வந்தார். ஒயர்லெஸ் பெட்டியிலிருந்து கழற்றியது. தபால் தலை அளவுக்கு மெல்லிய கல். இரண்டு பித்தளைத் தகடுகளுக்கு நடுவே, மூடிய ஒரு சின்னக் கூட்டுக்குள் இருக்கும். மின்சாரம் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான்.

அந்தத் துடிப்பைக் காகிதத்தில் செய்து பார்ப்பது என் வேலை. கல்லுக்குப் பதிலாக ஒரு கம்பிச்சுருள், ஒரு கண்டென்சர், ஒரு மின்தடை மூன்றையும் வரிசையாக வரைய வேண்டும். கல்லின் கனத்துக்குச் சுருள், விறைப்புக்குக் கண்டென்சர், உராய்வுக்குத் தடை. பக்கத்தில் இன்னொரு கண்டென்சர் உண்டு. அது பித்தளைத் தகடுகளுக்கு. கல் துடித்தாலும் துடிக்காவிட்டாலும் அது இருக்கும். இதற்குச் சமானச் சுற்று என்று பெயர். நிஜமாகச் செய்யப் போனால் அந்தத் துளிக் கல்லுக்கு ஈடான சுருள் மேசை கொள்ளாது. ஆகவே லாகரிதம் அட்டவணையை விரித்துவைத்துக் கணக்காகவே போட்டேன். அலைவெண்ணை மெல்ல ஏற்றினால் ஓரிடத்தில் மின்னோட்டம் கோபுரமாக எழும்; உடனே பள்ளத்தில் விழும். கோபுரமும் பள்ளமும் கல்லால் வருபவை. கல் செத்துவிட்டால் தகடுகள் மட்டும் மிச்சம், சீராக ஏறும் ஒரு கோடுதான் கிடைக்கும். இதை என் கையாலேயே நோட்டில் எழுதி வைத்திருந்தேன். கணக்கு சொன்னபடி நிஜக் கல் நடக்கிறதா என்று அளந்து காட்டுவது மீதி வேலை.

ஆய்வகத்து அட்டெண்டர் மேற்கே கல்குளம் தாலுகாக்காரர். நாற்பது வயதிருக்கும். ஆறு வருடமாகத் தற்காலிக வேலை. ஆறு வருடத்தில் ஒரு சோதனைக் குழாயைக்கூட உடைத்ததில்லை. வேலையை நிரந்தரமாக்கக் கேட்டு அவர் கொடுத்த மனுவை நான்தான் ஆங்கிலத்தில் எழுதினேன். தை மாதத்துக்குள் முடிவு தெரிந்துவிடும் என்றார்கள். தலைவர் ஒரு வரி எழுதினால் போதும். வாரம் ஒருமுறை என் மேசைப் பக்கம் வந்து, "ஸாரே, நம்ம கடலாசு எங்க நிக்குது?" என்று மனுவைப் பற்றிக் கேட்பார்.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. ஈரம் ஏறினால் படிகம் மக்கர் பண்ணும். அட்டெண்டர்தான் வழி கண்டுபிடித்தார். உப்பு ஜாடியில் போடுகிற மாதிரி, வீட்டிலிருந்து அரிசியை வறுத்துக்கொண்டு வந்து ஒரு பிஸ்கட் டின்னில் நிரப்பி, கல்லைக் கூட்டோடு அதற்குள் புதைத்து வைப்பார். மறுநாள் கல் நன்றாகத் துடிக்கும். எங்கள் ஆய்வகம் பூராவும் வறுத்த அரிசி மணக்கும்.

ஒரு வியாழக்கிழமை, கோபுரம் இன்னும் உயரமாகத் தெரியட்டுமே என்று மின்னழுத்தத்தைக் கூட்டினேன். அளவுக்கு மேல் கூட்டக் கூடாது என்று புத்தகத்திலேயே இருக்கிறது. எனக்கு அவசரம். சற்று நேரத்தில் கோபுரமும் இல்லை, பள்ளமும் இல்லை. மின்னோட்டம் சீராக ஏறிக்கொண்டே போனது. அந்த நிமிடமே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஈரம் என்று சொல்லிக்கொண்டேன். கூட்டைத் திறந்து பார்க்காமலே அட்டெண்டரிடம் கொடுத்தேன். அவர் அதை அரிசிக்குள் வைத்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை சுசீந்திரத்தில் என் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். தலைவர் திருவனந்தபுரம் போயிருந்தார். லீவுக் கடிதம் கொடுத்தால், ஆய்வை முடிக்காமல் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போனான் என்பார். ஆகவே அட்டெண்டரிடம், "நான் கல்யாணத்துக்குப் போறேன். நீரு தலைவரிட்ட ஒண்ணும் சொல்லாண்டாம், என்னா?" என்றேன்.

"அதுக்கென்ன ஸாரே. நான் வாய் தொறக்கமாட்டேன்" என்றார்.

திங்கட்கிழமை ஆய்வுக் கட்டுரையைக் கொடுத்தாக வேண்டும். கடைசி வரிசை அளவுகள் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து, சமானச் சுற்றின் கணக்கில் வந்த எண்களை எடுத்து, ஒன்றில் கொஞ்சம் கூட்டி, ஒன்றில் கொஞ்சம் குறைத்து, கை நடுங்கி எடுத்த அளவு போலவே எழுதினேன். இரண்டு எண்களை வேண்டுமென்றே கெடுத்துக்கூட வைத்தேன்; எல்லாம் சரியாக இருந்தால் சந்தேகம் வரும் அல்லவா? பக்கத்தின் தலைப்பில் வெள்ளிக்கிழமைத் தேதி போட்டு, மாலை மூன்று முதல் ஐந்து வரை என்று எழுதினேன். எங்கள் துறையில் எந்த அளவுக்கும் தேதியும் நேரமும் போட்டே தீர வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் தலைவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு உற்சாகமாகிவிட்டார். "கல்லு, கணக்குல உள்ளத அச்சுல வார்த்த மாதிரில்லா நடக்குது!" என்றார். தம் கண்ணால் ஒருமுறை பார்க்க ஆசைப்பட்டு, டின்னிலிருந்து கூட்டை எடுத்து, துடைத்து, திறந்தார். கல் இரண்டு துண்டாகக் கிடந்தது.

அட்டெண்டரைக் கூப்பிட்டார். நானும் நின்றுகொண்டிருந்தேன்.

"வெள்ளிக்கிழம அஞ்சு மணி வரைக்கும் கல்லு நல்லாத்தான் இருந்திருக்கு. நோட்டு இருக்கு. அதுக்குப் பொறகு இத எடுத்தது ஆரு? நீ கீழ போட்டியா?"

"நான் போடல்ல ஸாரே. வியாழக்கிழம சாயங்காலம் வச்சதுதான். பொறகு தொட்டதே இல்ல."

"அப்பம் வெள்ளிக்கிழம அளந்தது எதை?"

அட்டெண்டர் டின்னைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு சந்தேகமும் இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று நம்பி நின்றார். "ஸாரிட்ட கேளுங்க. உள்ளத ஸாரு பறைவாரு" என்றார்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். இரண்டு வாக்கியம் போதும். எனக்கு வர இருந்த விரிவுரையாளர் பதவி போகும், வேறொன்றும் போகாது.

"நோட்டில் உள்ளபடிதான்" என்றேன்.

அட்டெண்டர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கப்புறம் தலைவர் கேட்ட எதற்கும் அவர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிட்டது. அரிசி டின்னை வெளியே எறியச் சொன்னார் தலைவர். தை பிறந்தபோது மனு நிராகரிக்கப்பட்டது. விலையுயர்ந்த கருவிகளைக் கையாளக் கவனம் போதாது என்று தலைவர் எழுதியிருந்தார். தற்காலிக வேலையும் பங்குனியோடு முடிந்தது.

பள்ளிக்கூடங்கள் திறக்கிற சமயம் அவர் என்னைத் தேடி வந்தார். மேற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர் வேலை இருக்கிறதாம். கூட வேலை பார்த்த ஒருவரிடமிருந்து நற்சான்றுக் கடிதம் வேண்டுமாம். ஒரு வார்த்தைகூடக் குத்திக் காட்டவில்லை. நேர்மையானவர், நேரம் தவறாதவர் என்று எழுதிக் கொடுத்தேன். மறுவாரம் அதே கடிதத்தோடு திரும்பி வந்தார்.

"ஒரு வரி விட்டுப்போச்சுன்னு சொல்லுதாவ ஸாரே. சாமானக் கவனமாட்டு வச்சிருப்பாருன்னு சேத்துத் தந்தா மதி. வேல கெடச்சிரும்."

நான் வேண்டுமென்றே விட்ட வரி அது. தலைவரின் குறிப்புக்கு எதிராக என் கையெழுத்து நின்றால் யாராவது ஒப்பிட்டுக் கேட்பார்கள் என்ற பயம். "அப்படி எழுத முடியாது. ரெக்கார்டு வேற மாதிரில்லா இருக்கு" என்றேன்.

அவர் நகரவில்லை. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. குடையிலிருந்து தண்ணீர் என் தரையில் சொட்டியது. தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஸாரு கல்யாணத்துக்குப் போனத நான் இதுவரைக்கும் ஒரு ஆளுட்டயும் பறையல்ல."

ஒரு வரிக்காக அந்த மனுஷனிடம் எடுத்துவைக்க இருந்தது அது ஒன்றுதான். எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது வசதியாக இருந்தது. "யாரை மிரட்டுகிறீர்?" என்று கத்தினேன். அடுத்த அறையில் இருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். புது விரிவுரையாளர் அல்லவா, குரல் நன்றாகவே எடுபட்டது.

அவர் பதறிப்போய்க் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தரையில் சொட்டிய தண்ணீரைத் துண்டால் குனிந்து துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "மன்னிக்கணும் ஸாரே" என்றார்.