பூட்டிய வீட்டில் நலம் விசாரித்தவர்

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போகும் பாதையோரம், ஏழைகளுக்கென்று அரசாங்கம் வரிசையாக வீடுகள் கட்டிக்கொடுத்திருந்தது. ஓர் அறை, ஒரு சமையல் மூலை. முகப்பில் எந்த வீட்டையும்விடப் பெரிதாக ஒரு நலப்பணி மையம். குடியிருப்போருக்குச் சேவை செய்வதே அதன் நோக்கம் என்று பலகையில் எழுதியிருந்தது. ஏழாம் வகுப்புவரை படித்தவன் என்பதால் நான் அதை வாசித்தேன். மற்றவர்களுக்கு வாசிக்க நேரமில்லை.

சேவைகளையும் சொல்லிவிடுகிறேன். தாய்மார் விடியுமுன் உப்பு வாரக் கிளம்பிவிடுவார்கள். குழந்தைகள் காப்பகம் பத்து மணிக்குத் திறக்கும். கடலுக்குப் போகும் ஆண்கள் கரையில் தங்குவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அன்று மையத்துக்கு விடுமுறை. தையல் வகுப்புக்கு வந்த மெஷினின் மேல் நல அதிகாரியின் சாப்பாட்டுத் தூக்குதான் உட்கார்ந்திருந்தது.

அந்த அதிகாரிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வீடு வாங்கியவர் அதில்தான் குடியிருக்கிறாரா என்று பார்த்து எழுதுவது. வெயில் ஏறியபின் வருவார், பூட்டைப் பார்ப்பார், ‘ஆள் இல்லை’ என்று எழுதிக்கொண்டு போவார்.

வரிசையின் கடைசி வீட்டில் ஓர் அக்கா இருந்தாள். தோணியில் கொழும்புக்குப் போன புருசன் திரும்பவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு அளத்தில் உப்புச் சுமந்தாள். அவள் வீடு இரண்டு முறை ‘ஆள் இல்லை’ ஆகிவிட்டது. மூன்றாம் முறையும் அப்படியானால் வீடு ரத்து என்று கடிதம் வந்தது. நான்தான் வாசித்துக் காட்டினேன்.

அவள் ஒருநாள் வேலைக்குப் போகாமல் காத்திருந்தாள். அதிகாரி அன்று வரவில்லை. மறுநாள் கங்காணி அவளை வெளியே நிறுத்திவைத்துத் திட்டித் தீர்த்த பிறகே உப்புப் பாத்திக்குள் இறங்கவிட்டான். இன்னொரு நாள் வராமல் நின்றால் சீசன் முடியும்வரை வரவேண்டாம் என்றான்.

எனக்கு அப்போது வேலையில்லை. புதுத் துறைமுகத்தில் கல் இறக்கும்போது கால் விரல் இரண்டு நசுங்கி, வரிசைக்கு எதிரே இருந்த டீக்கடைக் கொட்டகையில் முடங்கிக் கிடந்தேன். “நீங்க வேலைக்குப் போங்கக்கா, வீட்ட நான் பாத்துக்கிடுதேன்” என்றேன்.

“ஏலே, அவன் கேட்டா ஒழுங்காப் பதில் சொல்லுவியா?”

“படிச்சவன்க்கா நான்.”

மூன்றாம் நாள் அதிகாரி வந்தார். திறந்த கதவைப் பார்த்ததும் அவர் முகமே வாடிவிட்டது.

“யாருப்பா நீ?”

“இந்த வீட்டுல இருக்கேன் சார்.”

“எவ்வளவு நாளா?”

வீட்டில் ஆள் இருக்கிறது என்று காட்டினால் போதும் என்பதுதான் என் கணக்கு. “கட்டுன நாள்ல இருந்து சார்” என்றேன். வாடிய முகம் மலர்ந்தது. எழுதி நீட்டினார். மற்றவர்கள் கைநாட்டு வைக்கும் இடத்தில் நான் முழுக் கையெழுத்துப் போட்டேன், அதுவும் சுழித்து. மேலே இருந்ததை வாசிக்கவில்லை.

பத்து நாளில் உத்தரவு வந்தது. வீட்டை வெளியாளுக்கு வாடகைக்கு விட்டதால் ரத்து. அதற்குச் சாட்சி என் கையெழுத்து.

நொண்டிக்கொண்டே மையத்துக்குப் போனேன். நான் அந்த வீட்டில் இருந்தவனில்லை, டீக்கடையில் படுப்பவன் என்றேன். அதிகாரி தூக்கைத் திறந்தபடியே கேட்டார்: “அன்னைக்குச் சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?”

“அன்னைக்குச் சொன்னதுதான் சார்.”

“பொய் சொல்றவன் பேச்சை நான் எப்படி எழுதுறது?” என்று சோற்றைப் பிசைந்தார். அக்காவை அளத்திலிருந்து கூட்டிவந்து நிறுத்தினேன். அவள் காலில் உப்பு அறுத்த வெடிப்பிலிருந்து இரத்தம் கசிந்து தரையில் பட்டது. தரை அழுக்காகிறது என்று வெளியே நிற்கச் சொன்னார். அந்த மையத்தில் அவள் பெற்ற ஒரே சேவை அதுதான்.

வீடு போயிற்று. மேலதிகாரிக்கு மனு எழுதலாம் என்றேன். “நீ எழுதுனது போதும்ல” என்றாள். அளத்து ஓரத்தில் ஓலைக் குடிசை போட இடம் பார்த்தாள். கம்பு நட நான்தான் குழி தோண்டினேன். அவள் பிள்ளைகளோடு ஓலை சுமந்து வந்து இறக்கிவிட்டு என் வேலையைப் பார்த்தாள்.

“குழிய ஆழமாத் தோண்டுலே. காத்துக்கு நிக்கணும்” என்றாள்.