பேறுகாலத்துக்கு வந்த நாரைகள்

சென்னையில் என் குடியிருப்பின் கீழே தீபாவளிச் சரவெடி வெடித்ததும் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். சிறுவயதில் பிடித்த பயம். யாரைக் காப்பாற்றச் சாத்தினேன் என்று தெரியவில்லை. வீட்டில் நான் ஒருத்திதான்.

நாச்சியாபுரத்துப் பக்கம் எங்கள் ஊரில் யாரும் வெடி போடுவதில்லை. ஐப்பசியில் கண்மாய்க் கருவேல மரங்களில் நாரைகள் அடைகாக்கும். ஒன்பது வயதில், காரைக்குடி மாமா கொடுத்த ஒற்றை வெடியைக் கரையில் வைத்துக் கொளுத்தினேன். கண்மாயே வெள்ளையாக எழுந்து பறந்தது. அந்தப் பதற்றத்தில் கூட்டிலிருந்து இரண்டு முட்டைகள் விழுந்து உடைந்தன.

தெருவே கரைக்கு வந்துவிட்டது. யாரும் என்னை அடிக்கவில்லை. உடைந்த ஓடுகளை முந்தானையில் பொறுக்கிக்கொண்டே அம்மா கேட்டாள்: “பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்குதுகடி. அந்த வாசல்ல போயி வெடி போடுவாகளா?” அன்று முழுக்க ஊரில் ஒருவரும் என்னுடன் பேசவில்லை.

அம்மா போனபின் அண்ணன் ஊர் வீட்டை விற்றுவிட்டான்.

தீபாவளி மாலையில் பள்ளித்தோழி செல்வி கண்மாய்க் கரையிலிருந்து போன் செய்தாள். “நாரையெல்லாம் வந்துருச்சுடி. ஊருக்குள்ள ஒரு வெடிச்சத்தம் இல்ல. நீ எப்ப வார?”

“வந்தா எந்த வீட்டுலடி எறங்குறது?” என்றேன்.

போனில் நாரைகளின் சத்தம் கேட்டது.