நானூற்றி ஏழுக்கு வந்தவர்கள்

இது நடந்தது. என் குஞ்சுகளே, இதுவரை நான் உங்களுக்குச் சொன்ன கதைகளில் பாதி, கை கால் வைத்து நானே வளர்த்தவை. அது உங்களுக்கும் தெரியும். இதில் ஒரு சொல்லும் நான் வளர்க்கவில்லை. நேரங்கள் எல்லாம் இன்னும் என் கைத்தொலைபேசியில் கிடக்கின்றன. அழிக்க மனம் வரவில்லை. சொல்லவும் மனம் வரவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். கேட்டபிறகு நீங்கள் என்னோடு கோபித்தாலும் சரி. ஆராவது ஒருவர் கோபிக்க வேண்டும் எனக்கு.

ரொறன்ரோவில், மல்வேர்ன் பக்கம் நாங்கள் இருந்த கட்டடத்தில் நான் ஒன்பதாம் மாடி. சந்திரவதனா நாலாம் மாடி, நானூற்றி ஏழு. இருபது வருடம் ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே தொழிற்சாலையில் பெட்டி அடுக்கியவர்கள் நாங்கள். பயந்த மனுசி அவள். எலிவேற்றரில் தனியே ஏறமாட்டாள். ஒரே மகள் சாம்பவி ஒட்டாவாவில். அதனால் இங்கே வதனாவுக்கு நான், எனக்கு வதனா.

இரண்டு வருடத்துக்கு முன், நவம்பரில், சச்சிதானந்தன் அண்ணை எங்கள் முதியோர் கழகத்து ஆட்கள் இருபத்திரண்டு பேரை எகிப்துக்குக் கூட்டிப் போனார். வதனா வரமாட்டேன் என்றாள்.

"செத்த ஆக்களின்ர இடத்துக்கு ஆரும் ரூர் போவினமோடி?"

"எடி, செத்து மூவாயிரம் வருசம். எலும்பும் மிஞ்சியிராது. வா" என்றேன். நச்சரித்து நச்சரித்து இழுத்துப் போனது நான்தான். அதை முதலில் சொல்லி வைக்கிறேன்.

லக்சருக்கு எதிர்க்கரையில், புல்பூண்டு இல்லாத மலைகளுக்கு நடுவில் அந்த ஊர் கிடந்தது. அரசர்களின் கல்லறைகளை வெட்டி, சுவரெல்லாம் சித்திரம் தீட்டிக் கொடுத்த வேலையாட்களின் ஊர். கூரை இல்லை. இடுப்பளவு கற்சுவர்கள் மட்டும். நடுவில் ஓர் ஒடுங்கிய தெரு, இரு பக்கமும் நெருக்கமாக வீட்டு வாசல்கள். எங்கள் கட்டடத்து கொரிடோர் மாதிரியே இருந்தது.

எட்டு நாள் மலையில் வேலை, படுக்கையும் அங்கேயே, பிறகு இரண்டு நாள் வீடு என்று வழிகாட்டிப் பெடியன் சொன்னான். பத்து நாள்தான் அவர்களுக்கு ஒரு கிழமை.

"எங்களை மாதிரி ஷிஃப்ற் வேலைச் சனம்தான்" என்றார் சச்சி அண்ணை. "ஓவர்ரைம் குடுத்தவங்களோ தெரியாது." எல்லோரும் சிரித்தோம்.

அந்த வேலையாட்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட கல்லறைகள் ஊருக்கு மேலே, சரிவில். செங்குத்தான படி. கடைசியில் குனிந்து, ஏறக்குறையத் தவழ்ந்து உள்ளே போக வேண்டும். போய் நிமிர்ந்தால்... மஞ்சள் சுவர். நேற்றுத் தீட்டியது போல வர்ணம். ஒரு புருசனும் பெண்சாதியும் வெள்ளை உடுத்துக்கொண்டு வயல் உழுகிறார்கள், கதிர் அறுக்கிறார்கள். இன்னொரு சுவரில் அவர்களின் சொந்தக்காரர் வரிசையாக நாற்காலியில். கலியாண வீட்டில் அடுத்த பந்திக்குக் காத்திருப்பவர்களைப் போல.

நல்ல சனம். எனக்குப் பயமே வரவில்லை. யாரோ தெரிந்தவர் வீட்டுக்கு வந்தது போல் இருந்தது. அதுதான் பிழையாய்ப் போனது.

வெளியே போகக் கூப்பிட்டார்கள். நான் சுவரைப் பார்த்து, பழக்கத்தில், வாய் தவறிச் சொன்னேன்.

"அப்ப நாங்கள் போட்டு வாறம். நீங்களும் ஒருக்கா எங்கட வீட்டை வாங்கோ."

வதனா என் கையைப் பிடித்து நுள்ளினாள்.

"உனக்கு விசரோ மலர்? செத்த வீட்டிலை ஆரும் போட்டு வாறம் எண்டு சொல்லுவினமோ? வாங்கோ எண்டும் கூப்பிடுறாய்!"

உங்களுக்குத் தெரியும் தானே. எங்கள் ஆட்கள் செத்த வீட்டில் யாரையும் வா என்று கூப்பிட மாட்டார்கள். போகும்போது சொல்லிக்கொண்டும் போக மாட்டார்கள். பேசாமல் எழும்பி நடப்பது. சின்ன வயதிலேயே படித்த முறை. எனக்கும் தெரியும். தெரிந்தும், அவள் பயந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பகிடி முட்டிவிட்டது. சுற்றி நின்ற எங்கள் ஆட்களைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று ஓர் ஆசை. சுவருக்குத் திரும்பிச் சொன்னேன்.

"என்ர வீட்டிலை இடம் காணாது. இவ வதனாவின்ர வீட்டை போங்கோ. நாலாம் மாடி. நானூற்றி ஏழு."

எல்லோரும் சிரித்தார்கள். வதனா சிரிக்கவில்லை.

படியேறி வரும்போது அவள்தான் கடைசி. மேற்படியில் நின்று, சுவரோடு ஒதுங்கினாள்.

"என்னடி நிக்கிறாய்?"

"பின்னாலை ஆக்கள் வருகினம். விடுவம்."

பின்னால் யாரும் இல்லை.

ரொறன்ரோவுக்கு நாங்கள் திரும்பியது நவம்பர் இருபத்தொன்று. இருபத்துமூன்றாம் திகதி வதனா போன் எடுத்தாள்.

"மலர், நீயே இப்ப வந்து கதவு தட்டினனி?"

"நான் குளிச்சுக்கொண்டு நிண்டனான்."

"மூண்டு தரம் தட்டிச்சு. கதவுத் துவாரத்தாலை பாத்தன். ஒருத்தரும் இல்லை."

நடுச்சாமம் என்று நினையாதேயுங்கள். பின்நேரம் 4.47. ரொறன்ரோவில் அந்த மாதங்களில் அதுதான் இருட்டும் நேரம். அடுத்த நாளும் 4.47. பிறகு ஒன்றும் இல்லை. எட்டு நாள் அமைதி.

டிசம்பர் மூன்று. மறுபடியும் தட்டல்.

அவள் வாசலில் வெள்ளையாக ஏதோ சிந்தியிருந்தது என்று சொன்னாள். பனிக்குப் போடும் உப்பு, சப்பாத்தோடு வந்திருக்கும் என்றேன். "உப்பெண்டால் கரைய வேணுமெல்லே" என்றாள். தண்ணீரில் போட்டுப் பார்த்திருக்கிறாள். கரையவில்லையாம். கல் மாவு மாதிரி அடியில் படிந்ததாம்.

"வயசு போனால் காதும் கண்ணும் உப்பிடித்தான்" என்று சொல்லிச் சிரித்தேன். ஆனால் போனை வைத்துவிட்டு நாட்காட்டியை எடுத்துப் பார்த்தேன். இரண்டு நாள். எட்டு நாள். வழிகாட்டிப் பெடியன் சொன்ன அதே கணக்கு.

டிசம்பர் நான்கு. கத்தரிக்காய்க் குழம்பு வைத்து, தயிர் வாளி ஒன்றில் ஊற்றிக்கொண்டு நாலாம் மாடிக்கு இறங்கினேன். அவளுக்குத் துணையாக இருப்போம் என்ற எண்ணம்தான். சத்தியமாக. எலிவேற்றர் கதவு திறந்தபோது 4.46.

கொரிடோரில் யாரும் இல்லை. எல்லா விளக்கும் எரிந்தது. அவள் கதவுக்கு இன்னும் நாலு வீடு இருந்தது.

டொக்.

நின்றுவிட்டேன்.

டொக்... டொக்.

அவளுடைய கதவுதான். முன்னால் ஒருவரும் இல்லை. ஆனால் கதவு அதிர்ந்தது. அதில் தொங்கிய பிளாஸ்ரிக் மாவிலைத் தோரணம் ஆடியது. கண்ணால் கண்டேன்.

உள்ளே இருந்து வதனாவின் குரல். "ஆர்?"

பிறகு இன்னும் மெல்ல, "ஆரது... மலரே?"

ஒரு சொல். "நான் இஞ்சை நிக்கிறன்" என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

நான் சொல்லவில்லை. குழம்பு வாளியோடு பின்னுக்கு நடந்தேன். படிக்கட்டுக் கதவைச் சத்தமில்லாமல் திறந்தேன். இந்த முழங்காலோடு ஐந்து மாடி ஏறினேன்.

அன்றிரவு அவள் கேட்டாள். "நீ வாறன் எண்டனி. ஏதும் கேட்டனியே மலர்?"

"நான் வரேல்லை, முழங்கால் நோ. உங்கை ஒண்டும் இல்லையடி. எல்லாம் உன்ர யோசினை."

குஞ்சுகளே, நான் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் எல்லாம் அவளுடைய யோசினை என்றேன். சாம்பவிக்குச் சொல்லட்டோ என்று வதனா கேட்டபோது, "பிள்ளை உன்னை டொக்ரரிட்டைக் கொண்டுபோவாள், பேசாமல் இரு" என்று வாயையும் அடைத்தேன். அவளை என் வீட்டில் வந்து இருக்கச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? அவர்களும் அவளுக்குப் பின்னால் ஒன்பதாம் மாடிக்கு வந்துவிட்டால் என்ற பயம். வேறொன்றும் இல்லை.

எட்டு நாள் போனது.

டிசம்பர் பதின்மூன்று. 4.39. போன் அடித்தது.

"மலர், இண்டைக்கு நாள். என்னாலை தனிய ஏலாது. வாவன்."

"வாறன்."

"உண்மையா வாறியே?"

"வந்துகொண்டிருக்கிறன். எலிவேற்றருக்குக் கிட்ட நிக்கிறன்."

நான் கதிரையில் இருந்தேன். காலில் செருப்பும் இல்லை. எங்கள் ஆட்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியும் தானே. வீட்டை விட்டு வெளிக்கிடாமலே, பாதி வழி வந்திட்டம் என்போம். அப்படித்தான் வாயில் வந்தது. 4.47 தாண்டட்டும், பிறகு போவோம் என்று நினைத்தேன்.

4.45.

"எங்கை நிக்கிறாய்?"

"கீழை வாறன். பயப்பிடாதை. தட்டினால் நான்தான். உடனை திற."

அதை நான் சொன்னேன். தட்டினால் நான்தான் என்று.

"போனை வையாதை" என்றாள். வைக்கவில்லை. அவள் மூச்சு கேட்டது. பின்னால் ரிவி கேட்டது.

4.46... ரிவியை நிறுத்தினாள்.

4.47.

டொக்.

டொக்... டொக்.

"வதனா!" என்று கத்தினேன். "திறவாதை! அது நானில்லை!"

அவள் போனை மேசையில் வைத்துவிட்டாள்.

செருப்பு இழுபடும் சத்தம்.

சங்கிலி கழலும் சத்தம்.

"வந்திட்டியேடி..." என்றாள். சந்தோசமாக.

பிறகு ஒரு சத்தமும் இல்லை.

"ஓ... வாங்கோ. வாங்கோ. எல்லாரும் உள்ளுக்கு வாங்கோ."

கம்பளத்தில் கால்கள். வெறுங்கால்கள். ஒன்று, இரண்டு அல்ல... நடந்தார்கள், நடந்தார்கள்.

கதவு சாத்தியது.

போன் நின்றது.

நான் எழும்பவில்லை.

5.38க்குத்தான் போனேன். அதுவும் எதிர்வீட்டுப் பெடியனைக் கூட்டிக்கொண்டு. கதவு பூட்டியிருக்கவில்லை. வதனா சோபாவில் சாய்ந்திருந்தாள். முகத்தில் பயம் இல்லை. சாப்பாட்டு மேசைக் கதிரைகள் நாலும், அறையில் இருந்த முக்காலியும் அவளைச் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. அவளுக்குப் பக்கத்தில், சோபாவில், ஒரு குழி. யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல. நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கவே அது மெல்ல மெல்ல நிரம்பியது.

இதயம் நின்றது என்றார்கள். ஐந்து மணிக்கு முன்னரே முடிந்துவிட்டது என்றார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, வீட்டைக் காலி செய்ய சாம்பவி வந்தாள். அன்றைக்கு எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் இறங்கிப் போனேன். பகிடி விட்டதை. கேட்டும் கேளாதது போல் இருந்ததை. வராமல் வாறேன் என்றதை. பேச வாயைத் திறந்தேன். அதற்கு முதல் அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"அன்ரி, உங்களுக்கு தாங்க்யூ சொல்லவே இல்லை நான்."

"எனக்கென்னத்துக்குப் பிள்ளை?"

"அம்மாவோடை இருந்ததுக்கு. அண்டைக்கு வேலையிலை பிரேக் நேரம் அம்மாவுக்குக் கோல் பண்ணினனான். ஃபைவ் ரென்னுக்கு."

"அம்மா கதைச்சவவே?"

"இல்லை. நீங்கள்தானே போனை எடுத்துக் கதைச்சனீங்கள்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"மறந்திட்டியளே? 'அம்மா நித்திரை, நான் பக்கத்திலை கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன், நீ ஒண்டுக்கும் யோசியாதை' எண்டு சொன்னீங்கள். உங்கட இருமலும் கேட்டது. பின்னாலை நிறையப் பேர் கதைச்சுச் சிரிச்சினம். ஐ வாஸ் ஸோ ஹாப்பி, அன்ரி. அம்மா தனிய இருக்கேல்லை எண்டு."

தன் போனை எடுத்துக் காட்டினாள். 5.10. ஆறு நிமிடம் நாற்பது விநாடி.

"அம்மா தனிய போகேல்லை. எனக்கு அது காணும்" என்று சொல்லி அழுதாள்.

அவள் தலையைத் தடவினேன்.

"ஓம் பிள்ளை" என்றேன். "நான்தான் இருந்தனான்."