ஒப்பாரிக்குக் காத்திருந்த கேசட்

ஒத்தக்கடையில் அப்போது நான் ரேடியோப் பெட்டி பழுது பார்த்துக்கொண்டும், கல்யாணம் காதுகுத்துக்கு மைக் செட் கட்டிக்கொண்டும் இருந்தேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். படித்ததெல்லாம் வடை மடித்த தாளில், கேட்டதெல்லாம் டீக்கடை பெஞ்சில். அந்தக் கடைக்கு ஒரு கேசட் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி வந்தாள். அமெரிக்காவில் காலேஜ் படிக்கிறவள். அவர்கள் ஊர்க் கோடை லீவுக்குத் தமிழ் படிக்க மதுரைக்கு அனுப்பியிருந்தார்கள். ரிக்கார்டருக்குள் நம் ஊர்ப் புழுதி போய் உட்கார்ந்திருந்தது. துடைத்துக் கொடுத்தேன்.

"ஐயா, தாங்கள் எனக்கு ஓர் உதவி செய்வீர்களா?" என்றாள்.

கடையில் உட்கார்ந்திருந்த லாரி டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணே, மேடையேறுன மாதிரியில்ல பேசுது!"

அவளுக்கு வேண்டியது ஓர் ஒப்பாரி. முழுசாக, கேசட்டில். அதை வைத்துத்தான் அவள் கட்டுரை எழுத வேண்டும். கிடைக்காவிட்டால் இங்கே வந்து படித்தது அத்தனையும் வீண். ஆடி முடிவதற்குள் விமானம் ஏறியாக வேண்டும்.

"அதுக்கென்னத்தா, பிடிச்சிரலாம்" என்று வாயை விட்டுவிட்டேன்.

போய்க் கேட்ட முதல் வீட்டிலேயே ஒரு அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தது. "நல்லாருக்குற வீட்ல வந்து ஒப்பாரி வைக்கச் சொல்றியே, எவன் குடி கெடணும் ஒனக்கு?" அந்த அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. சாவு விழாத வீட்டில் அந்தப் பாட்டு வாயில் வரக்கூடாது. வந்தால் சாவு தேடி வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எனக்கும் அது தெரியும். வெள்ளைக்காரிக்காக விட்டுக்கொடுப்பார்கள் என்று நினைத்துவிட்டேன்.

பிறகு திருவாதவூரில் ஒருத்தியைச் சொன்னார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவள் அழுதால் பிணமே கண்ணைத் துடைக்கும் என்று அந்த ஊரில் பேச்சு. போனோம். அவள் விளக்குமாற்றை எடுக்கவில்லை. மோர் கொடுத்தாள். பெண்ணின் கையைப் பிடித்து, வெயிலில் உரிந்த தோலைத் தடவிப் பார்த்தாள். "சாவு விழாம அது வாயில வராது தாயி" என்றாள்.

நாங்கள் உட்கார்ந்திருந்த கொட்டகையிலேயே, ஒரு கயிற்றுக் கட்டிலில் அவள் புருஷன் கிடந்தார். நெஞ்சு நோய். ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பிவிட்டார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"ஏத்தா, நானாப் பாத்து முடிச்சுக் குடுத்தாத்தான் உண்டு போல."

"வாயக் கழுவுங்க" என்றாள் பெண்டாட்டி.

"நீ சும்மா இருடி. ஏத்தா, பிளேனு என்னைக்கு?"

அந்தப் பெண் கள்ளமில்லாமல் தேதியைச் சொன்னாள். அவர் விரல் விட்டு எண்ணினார். "நெருக்கி வருதே!"

"தாங்கள் அவசரப்பட வேண்டாம் ஐயா" என்றாள் அந்தப் பெண். மரியாதையாகத்தான் சொன்னாள். அவர் சிரித்த சிரிப்பு இருமலாகி, இருமல் ரத்தமாகித்தான் நின்றது.

அதற்கப்புறம் அவள் வாராவாரம் திருவாதவூருக்குப் பஸ் ஏறினாள். களை பறித்தாள், சாணி அள்ளினாள், மேடைத் தமிழை உதறிவிட்டு 'வாரேண்ணே, போறேண்ணே' என்று எங்களைப்போலவே பேசப் பழகினாள். டீக்கடையில் அவளைப் பார்த்தாலே கேட்பார்கள்.

"என்னத்தா, இன்னைக்கும் ஒண்ணும் விழலையா?"

"மாப்ள, நீ சும்மாதான திரியிற, செத்துக் குடேன். எம்புட்டுத் தூரத்துல இருந்து வந்துருக்கு!"

"எனக்கு அழுகுறதுக்கு யாரு இருக்கா? அப்பவும் அது வெறும் கேசட்டத்தான் கொண்டு போகணும்."

அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆடி பாதியில் ஒருநாள் கடை வாசலில் நின்று, "அண்ணே, திருவாதவூருல அவுக எப்படி இருக்காக?" என்று கேட்டாள். 'நல்லாருக்காரு' என்றால் அவளுக்குச் சந்தோஷமா, வருத்தமா என்று எனக்குப் புரியவில்லை. அவளுக்கே புரிந்திருக்காது.

விமானத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் அவர் போய்விட்டார். ஆள் வந்து சொன்னது, ரிக்கார்டரோடு போனோம். வாசலிலேயே செத்தவருடைய அண்ணன் எங்களைப் பிடித்துக்கொண்டார். வெள்ளைக்காரி வந்த சாவு என்று அவருக்கு ஒரே பெருமை. கூட்டத்தை விலக்கி, தலைமாட்டில் அவளுக்கு இடம் போட்டார். மேளக்காரர்களைத் தெருக்கோடிக்கு விரட்டினார். பெண்டாட்டிக்காரி தலையை விரித்து, மாரில் கைவைத்து, முதல் அடியை எடுத்தாள்.

"இந்தா, நிறுத்து! மெசினு இன்னும் ஓடல!"

கத்தியது அண்ணன்காரர்தான். அவள் நிறுத்தினாள். பேட்டரிக் கட்டை இறங்கிக் கிடந்தது. புதுக்கட்டை வாங்கி வர ஆள் ஓடியது. அதுவரை அவள் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டை வந்தது. வாயைத் திறந்தாள். மேலூரிலிருந்து நாத்தனார் கூட்டம் அலறிக்கொண்டு உள்ளே வந்தது.

"இரு, இரு, அவுக அழுது முடிக்கட்டும். சத்தம் கலந்துரும்!"

"வேணாம்ணே, அவுகள விட்ருங்க" என்றாள் அந்தப் பெண்.

"நீ சும்மா இருத்தா. எங்க ஊருக்கு வந்துட்டு வெறுங்கையோட போவியா?"

நாத்தனார்கள் லேசில் முடிக்கவில்லை. அதற்குள் பொழுது இறங்கிவிட்டது என்று யாரோ சத்தம் போட, ஆம்பளைகள் வந்து பாடையைத் தூக்கிவிட்டார்கள். பெண்டாட்டிக்காரி எழுந்து தெருவரைக்கும் ஓடினாள்.

"எங்க கொண்டு போறீங்க? நான் இன்னும் அழுகலையே!"

அழுகாமலே தூக்கிக்கொண்டு போனார்கள்.

சுடுகாட்டில் பால் ஊற்றிக் காடாத்து முடிந்த மறுநாள் சொல்லிக்கொள்ளப் போனோம். ரிக்கார்டரை எடுக்க வேண்டாம் என்றுதான் அந்தப் பெண் சொன்னாள். நான்தான் பழக்கத்தில் தூக்கிக்கொண்டு போனேன். அண்ணன்காரர் பார்த்துவிட்டார். "நல்லதாப் போச்சு. சாவு விழுந்த வீடுதான? இப்பப் பாடச் சொல்லு."

பெண்டாட்டிக்காரி மறுக்கவில்லை. சுவரில் சாய்ந்து, மடியில் கையை வைத்துக்கொண்டு பாடினாள். கட்டிக்கொண்ட நாள் முதல் கட்டிலில் கிடந்த நாள் வரைக்கும், ஒரு சொல் சிந்தாமல் பாடினாள். குரலில் பிசிறில்லை, கண்ணில் ஈரமில்லை. முடித்துவிட்டு, "சரியா விழுந்துச்சா தாயி?" என்றாள். அந்தப் பெண் தலையை ஆட்டினாள்.

"போடு, கேப்போம்" என்றார் அண்ணன்காரர்.

நாடாவைப் பின்னுக்குச் சுற்றிவிட்டுப் போட்டேன். பெட்டிக்குள்ளிருந்து அவள் குரல் அவள் புருஷனைக் கூப்பிட்டது. ரெண்டு அடிதான் கேட்டிருப்பாள். நெஞ்சில் அறைந்துகொண்டு மண்ணில் சாய்ந்தாள். பாட்டும் இல்லை, சொல்லும் இல்லை. மாட்டுக்கு வலி வந்தாற்போல ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"அடடா, இப்பத்தான் அழுகுறா! பிடிங்கப்பா, இதப் பிடிங்க!" என்று அண்ணன்காரர் குதித்தார்.

ரிக்கார்டர் பாடிக்கொண்டிருந்தது. பாடுகிறபோது அது எதையும் பிடிக்காது. அந்தப் பெண் பட்டனிடம் கையைக் கொண்டுபோகவில்லை, நானும் கொண்டுபோகவில்லை. பாட்டு முடிந்து, மிச்ச நாடாவும் வெறுமனே ஓடி முடிந்து, கேசட் தானாக நின்றது. அவள் சத்தம் நிற்கவில்லை.