ஒவ்வொரு ‘கூடாது’க்கும் ஓர் ஆள்

முக்காலியில் உட்கார்ந்து தேக்கு பீரோவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, மடியில் கிடக்கும் கிட்டாரின் நீண்ட கழுத்தைப் பின்னுக்குத் தள்ளி, அதன் தலையைப் பீரோக் கதவில் முட்டுக் கொடுக்கிறார் விமலாராணி. வலது கையின் ஆட்காட்டி விரல் மட்டும் வளைந்து, தடித்த கம்பியை இழுத்து விடுகிறது. பீரோ உறுமுகிறது. உள்ளே தொங்கும் ஹேங்கர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிசுகிசுக்கின்றன. வயர் இல்லை, ஆம்ப்ளிஃபயர் இல்லை. பீரோதான் ஸ்பீக்கர்.

கீழே கடையிலிருந்து கணவர் பாக்கியசாமியின் குரல் ஏறி வருகிறது. “ஏம்புள்ள, பீரோ பாடி முடிச்சுதுன்னா கீழ வா. வெள்ளகோவில்காரரு மோட்டாருக்கு வந்து உக்காந்திருக்காரு.”

“சித்தெ இருக்கச் சொல்லுங்க. ஜேமர்சன் அண்ணன் பாதியில நிக்கறாரு.”

யார் அந்த அண்ணன், எந்த ஊர்க்காரர் என்று வெள்ளகோவில்காரர் விசாரித்திருக்க வேண்டும். அமெரிக்காவுங்க, செத்து நாப்பது வருசமாச்சு என்று பாக்கியசாமி பதில் சொல்வது மாடிவரை கேட்கிறது. 

கோவை கணபதியில், லேத் பட்டறைகளுக்கு நடுவே இவர்களுடைய வைண்டிங் கடை. எரிந்துபோன கிணற்று மோட்டார்கள் அவிநாசியிலிருந்தும் காங்கேயம் பக்கமிருந்தும் வேன் ஏறி வரும். பாக்கியசாமி பிரித்துக் கழுவுவார். கருகிய செப்புக் கம்பியைப் பிடுங்கிவிட்டுப் புதுக் காயில், அதாவது கம்பிச்சுருள், கட்டுவது விமலாராணியின் வேலை. வார்னிஷ் வாசனை அவருடைய பட்டுச் சேலைகளில்கூட உண்டு. கல்யாணமான புதிதில் காயில் சுற்றும் மெஷினின் பெல்ட் வலது நடுவிரலைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அந்த விரல் மடங்காது. கோயிலில் சிலுவை அடையாளம் போடும்போது அது மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். யாரையோ குற்றம் சொல்வது போலவே இருக்கிறது என்பார் பாக்கியசாமி.

கிட்டார் மகன் லியோ வாங்கியது. இன்ஜினியரிங் படிக்கும்போது ஒரு பாண்டு வைத்திருந்தான். படிப்பு முடிந்து ஜெர்மனிக்கு வேலைக்குப் போனபோது, கட்டிலுக்கடியில் கிடப்பதை விற்றுவிடச் சொன்னான். “அது என்ன சோறா கேக்குது, கெடக்குட்டும்” என்றார் விமலாராணி. பிறகு ஒருநாள் அதை வெளியே இழுத்துத் தூசி தட்டினார். ஆறு கம்பி இருக்கும் என்று நினைத்தவர் நான்கைக் கண்டார். அதுவும் மோட்டாருக்குள் போகும் கம்பியைவிடத் தடிமன். இழுத்துப் பார்த்ததும் அது என்ன சத்தம் என்று தெரிந்துவிட்டது.

வால்பாறை எஸ்டேட் லைனில் பிறந்து வளர்ந்தவர் அவர். கோவைக்கு மருமகளாக வந்தபின் காந்திபுரம் போகும் பிரைவேட் டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டுதான் கிடைக்கும். சீட்டுக்குப் பின்னால் பெரிய ஸ்பீக்கர். பாடகர் குரல் முன்னால் எங்கோ போய்க்கொண்டிருக்க, பாட்டுக்கு அடியில் ஓடும் ஏதோ ஒன்று மட்டும் சீட்டின் வழியாக ஏறி வரும். “காதுல கேட்டதில்லீங்க. முதுகுலதான் கேட்டேன். அதுக்குப் பேரு பேஸுன்னு அப்பத் தெரியாது.”

பேஸ் கிட்டார் கற்கக் காந்திபுரத்தில் ஒரு மியூசிக் கிளாஸில் சேர்ந்தார். மாஸ்டர் நல்லவர்தான். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி நடக்க வேண்டும், மனிதன் ரெண்டு காலால் நடப்பது போல என்றார். விமலாராணியின் நடுவிரலைப் பார்த்ததும், ஒற்றை விரலால் பேஸ் வாசிக்கக் கூடாதுங்க, வராது, நீங்கள் கையில் தட்டும் டாம்பரின் முயற்சி பண்ணலாமே என்றார். அன்றைக்கே லியோவுக்கு போன் போனது. ஒத்தை விரலில் வாசித்தவன் எவனாவது உலகத்தில் உண்டா, தேடிச் சொல்லு கண்ணு.

லியோ தேடினான். டெட்ராய்ட் நகரத்தில், அறுபதுகளில், எத்தனையோ ஹிட் பாட்டுகளுக்கு அடியில் ஓடியவர் ஜேம்ஸ் ஜேமர்சன். வலது கையின் ஒரே ஒரு விரலால் வாசித்தவர். அந்த விரலுக்குக் ‘கொக்கி’ என்று பட்டப்பெயரே இருந்தது. கம்பி அறுந்தாலொழிய மாற்றமாட்டாராம். பல வருடம் ரெக்கார்டு உறைகளில் அவர் பெயர் கிடையாது. விமலாராணி மாஸ்டரிடம் போய்ச் சண்டை போடவில்லை. திரும்பப் போகவே இல்லை.

அவர் பேஸ் படித்த விதம் இதுதான். புத்தக வரிசைப்படி யாரும் அவருக்குச் சரித்திரம் சொல்லித் தரவில்லை. யாராவது ‘கூடாது’ என்று சொல்லவேண்டும். உடனே அதைச் செய்த ஆள் யார் என்று தேடவேண்டும். கிடைத்த ஆள் வாசித்ததைப் பீரோவில் சாய்ந்து மாதக்கணக்கில் வாசிக்கவேண்டும். கோயில் பாடகர் குழுவில் சேர்ந்த அன்று, பொம்பளைக்கு இத்தனை கனம் ஆகாது என்று யாரோ சொல்லப்போய், லியோவின் தேடலில் கேரல் கே அக்கா வீட்டுக்கு வந்தார். கிட்டார் வாசிக்க ஸ்டுடியோவுக்குப் போன இடத்தில், பேஸ்காரர் வராததால் பேஸை எடுத்து மாட்டிக்கொண்டவர். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கான ரெக்கார்டிங்குகளுக்குப் போனவர். கம்பியைக் கட்டைவிரலால் குத்தக் கூடாது என்றபோது கிரஹாம் அண்ணன் வந்தார். அம்மாவின் பாண்டில் டிரம் வாசிக்க ஆளில்லாமல் போக, டிரம்மின் வேலையையும் கட்டைவிரலாலேயே செய்தவர் அவர். கிட்டாரின் கழுத்தில் பதித்த உலோகக் கோடுகளில் கை வைக்கக் கூடாது என்றார்கள். அவற்றைப் பிடுங்கிவிட்டு வாசித்த ஜாக்கோ தம்பி வந்தார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பாக்கியசாமி குறுக்கே விழுந்து லியோவின் கிட்டாரைக் காப்பாற்றினார்.

உறவுமுறைக்கும் கணக்கு உண்டு. ஜாக்கோ முப்பத்தைந்தில் போய்விட்டதால் தம்பி. ஜேமர்சன் நாற்பத்தேழில் போனார். விமலாராணிக்கு இப்போது நாற்பத்தாறு, ஆகவே அண்ணன். அடுத்த வருடத்துக்கு அப்புறம் எப்படிக் கூப்பிடுவது என்பதில் அவருக்குக் கொஞ்சம் குழப்பம் இருக்கிறது. இந்தக் கருவியைக் கடைக்குக் கொண்டுவந்த லியோ ஃபெண்டர் ஒரு ரேடியோ ரிப்பேர்காரர், கிட்டார் வாசிக்கத் தெரியாதவர் என்று அறிந்தபோது பாக்கியசாமிக்கு மட்டும் ஆச்சரியம் இல்லை. “நாங்கூடத்தான் தோட்டத்து மோட்டார் கட்டறேன். எனக்குத் தோட்டம் இருக்குதா?”

ஒரு விஷயத்தில் விமலாராணி பக்கம் தப்பு இருந்தது. காயில் கட்டிய மோட்டாரை ஓட்டிப் பார்க்கும்போது ஒரு முனகல் கேட்கும். அது ‘ஜி’ என்ற சுரத்தோடு ஒட்டிப் போவதைத் தானாகவே கண்டுபிடித்து, அதற்கே கிட்டாரைச் சுருதி சேர்த்து வந்தார். ஆனால் கரண்ட்டின் ஜி கீபோர்டின் ஜியைவிட ஒரு பிசிறு தூக்கல். கோயிலில் முதல் நாள் ஒத்திகையில் கீபோர்டு ஜெப்ரி முகத்தைச் சுளித்து நிறுத்தினான். சரவணம்பட்டியில் ஐடி வேலை பார்க்கும் பையன், பாடகர் குழுவின் தலைவன், காது கூர்மை.

“சுருதி எதுக்கு சேத்துனீங்கக்கா?”

“மோட்டாருக்குங்க தம்பி.”

குழு முழுவதும் பெஞ்சில் சாய்ந்து சிரித்தது. ‘ஈபி சுருதி’ என்ற பெயர் அன்று விழுந்தது. விமலாராணி மறுவாரமே கிட்டார் தலையில் மாட்டும் டியூனர் வாங்கிக்கொண்டார். வீட்டில் மட்டும் இன்னமும் ஈபி சுருதிதான். கேட்டால், “மாசம் பில்லு கட்டறமல்லோ” என்பார்.

இந்த வருடத் திருவிழாவுக்கு முன்னால் குழுவுக்குப் புதுக் கீபோர்டு வந்தது. பென்டிரைவில் ரிதம் ஏற்றி ஒரு பொத்தானை அமுக்கினால் தபேலா, டிரம், பேஸ் எல்லாம் தானாகவே ஓடும். அதோடு விமலாராணியும் வாசித்தால் அடியில் கொழகொழவென்று ஆகிறது என்றான் ஜெப்ரி. அது உண்மைதான். விமலாராணிக்கும் கேட்டது. கீபோர்டின் பேஸை அணைத்துவிட்டால் சரியாகிவிடுமே என்றார். ஜெப்ரி தயங்கினான். கீபோர்டு தப்பு செய்யாது என்பதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவன் சொன்ன தீர்வு அதைவிட மோசமாக இருந்தது.

“நீங்க கட்டாயம் வரோணும்கா. யூடியூப்ல லைவ் போகுது, கிட்டாரோட நீங்க நின்னா நல்லாருக்குமுன்னு எல்லாரும் சொல்றாங்க. வயரை மட்டும் சொருகாதீங்க.”

விமலாராணி டியூனரைக் கழற்றிப் பைக்குள் போட்டார். அவர் குரல் உயரவில்லை. ஜேமர்சன் வாசித்த கம்பெனி இருபத்தைந்து வருட விழா கொண்டாடியபோது, மேடைக்கு அவரைக் கூப்பிடவில்லை என்பதைச் சொன்னார். டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பின்னால் உட்கார்ந்து பார்த்தாராம். “அவராவது கடைசி வரிசையில உக்காந்தாரு. நீங்க என்னைய முன்னால நிறுத்தி வாயக் கட்டறீங்க.”

ஜெப்ரிக்கு விமலாராணியின் வழி தெரியும். இந்தத் தடவை அவனே சரித்திரத்தைக் கையில் எடுத்தான். நீங்கள் சொல்லும் கதையெல்லாம் எழுபதுகளோடு நின்றுவிடுகிறது, அப்போதிருந்தே கீபோர்டிலேயே பேஸ் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள், அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டரைக் கேட்டுப் பாருங்கள் என்றான். “கீபோர்டு பேஸ் ஓடறப்ப அதை எதுத்து நின்னு ஜெயிச்ச ஆள் ஒருத்தரைச் சொல்லுங்க. வயரை நானே சொருகறேன்.”

அன்றிரவு ஜெர்மனிக்கு போன் போனது. லியோ இரண்டு நாள் எடுத்துக்கொண்டான். பிறகு தயங்கித் தயங்கி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். ஜெப்ரி சொல்வது நிஜம்தான். ஸ்டீவி வொண்டர் கீபோர்டில் வாசித்த பேஸ் பிரமாதமாக வேறு இருக்கிறது. வேலை இழந்த பேஸ்காரர்கள்தான் கிடைக்கிறார்கள், நீ கேட்கிற ஆள் கிடைக்கவில்லை. சும்மா போய் நில்லும்மா, ஃப்ரெண்ட்ஸெல்லாம் லைவ் பார்க்கிறார்கள், எதுக்கு வம்பு, அங்கே நீ தனியாக மல்லுக்கட்டுகிறாய் என்று எனக்கு இங்கே தூக்கம் வருவதில்லை.

விமலாராணி அதை இரண்டு தடவை கேட்டார். இந்தத் திருவிழாவில் பொம்மையாக நின்றால் இனி எல்லா ஞாயிறும் பொம்மைதான் என்பது அவருக்குத் தெரியும். முதல் முறையாகத் துணைக்கு அண்ணனும் இல்லை, அக்காவும் இல்லை. பதில் மெசேஜ் சின்னது. “ஆள் இல்லீன்னா போச்சாது உடு கண்ணு. நான் போறேன்.”

திருவிழாவன்று பாக்கியசாமி ஸ்கூட்டரை வெளியே எடுத்தார். கிட்டாரை ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, “ஜவுளிக்கடை பொம்மைக்குக் கூட இத்தன வெலையில பட்டுச்சேலை கட்டமாட்டாங்க, ஏறு” என்றார். விமலாராணி அவர் முதுகில் ஒரு குத்து வைத்துவிட்டு ஏறினார்.

கோயில் நிறைந்து வழிந்தது. ஆம்ப்ளிஃபயரை மூலையில் தள்ளி, வயரைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு அதன் மேலேயே வைத்திருந்தார்கள். பாடகர் குழுப் பெண்கள் உட்காரும் நீளத் தேக்கு பெஞ்சுக்குப் பின்னால் தனக்கு ஒரு நாற்காலி போதும் என்றார் விமலாராணி. முன்னால் நிற்கலாமே என்றான் ஜெப்ரி. கால் வலிக்குதுங்க தம்பி என்றார். வயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜெப்ரியின் முகம் தெளிந்தது.

வருகைப் பாடல் நடந்தது. எல்லோரும் எழுந்து பாடினார்கள். விமலாராணியும் கிட்டாரை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார். இரண்டு கைகளையும் அதன் மேல் கட்டிக்கொண்டார். கேமரா அவர் மேல் வந்து, வாசிக்கிற பாவனையாவது செய்வார் என்று கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு நகர்ந்தது. ஜெர்மனியில் ஒருவன் அப்போது கண்ணை மூடிக்கொண்டிருப்பான்.

மறையுரை முடிந்து காணிக்கைப் பாடல் வந்தது. அதற்கு எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள். பெண்களும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஜெப்ரி பொத்தானை அமுக்கினான். ரிதம் ஓடத் தொடங்கியது. விமலாராணி நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பினார். கிட்டாரின் கழுத்தை நீட்டி, அதன் தலையைப் பெஞ்சின் சாய்மானப் பலகையில் வைத்து அழுத்தினார். ஆட்காட்டி விரல் வளைந்து இழுத்தது.

பெஞ்சின் ஓரத்தில் இருந்த ஜெனிதா, பாட்டின் நடுவே முதுகில் ஏதோ உறும, சட்டென்று நிமிர்ந்தாள். திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, வேண்டுமென்றே, முதுகைப் பலகையில் சாய்த்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள். அவளும் சாய்ந்தாள். ஒருத்தி பின் ஒருத்தியாக வரிசை முழுதும் சாய்ந்தது. பெண்கள் கீபோர்டைப் பின்தொடர்வதை விட்டுவிட்டார்கள். முதுகில் ஏறுகிற நடைக்குப் பாட ஆரம்பித்தார்கள். அது ரிதத்தைவிட ஒரு பிசிறு நிதானம்.

ஜெப்ரிக்குக் காது கூர்மை. பாட்டு தன் கையைவிட்டுப் போவதை முதல் வரியிலேயே பிடித்துவிட்டான். கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல் மூலையைப் பார்த்தான். ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு எரியவில்லை. வயர் அதன் மேலேயே சுருண்டு கிடந்தது. திரும்பி விமலாராணியைப் பார்த்தான்.

விரலை நிறுத்தாமல், விமலாராணி வலது முழங்காலைச் சற்று உயர்த்தினார். கிட்டார் சாய்ந்தது. அதன் ஓரத்தில் வயர் சொருகும் துளை, காலியாக, ஜெப்ரியைப் பார்த்துத் திரும்பி நின்றது.