ஒன்பதாவது நிமிடத்துப் புள்ளி

ஒற்றைப் புள்ளியைத் தட்டி அனுப்பிவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்பது நிமிடம் கழித்து இன்னொன்று அனுப்புவார். பத்து நிமிடம் யாரும் எதுவும் அனுப்பாவிட்டால் உரையாடல் ஜன்னல் தானாக மூடிக்கொள்ளும். அது மூடக் கூடாது. எங்கள் அலுவலகத்தில் இவருக்குப் பெயரே புள்ளியக்கா.

குழந்தைகள் நலனுக்கான இணையதளம். மேலே தடுப்பூசி நாட்கள், காய்ச்சல் சந்தேகங்கள், டாக்டர் நேரம். கீழே மூலையில் பிள்ளைகளுக்கென்று ஒரு சின்னப் பெட்டி: 'பேசணுமா?' அதை அழுத்தினால் மறுமுனையில் இவர்.

பதினெட்டு வருடம் குழந்தைகள் வார்டில் நர்ஸ். முழங்கால் மக்கர் செய்யவே, பிள்ளைகளின் மனக்கஷ்டம் கேட்கத் தனியாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு இந்த நாற்காலிக்கு வந்தார். வேலை வீட்டுக்கும் ஒட்டிக்கொண்டு போகிறது. சமையல் கேஸ் தீர்ந்துவிட்டதென்று கணவர் ஒருநாள் செய்தி அனுப்பினார். "சொன்னதுக்கு ரொம்ப நன்றி. எப்போ இருந்து இப்படி இருக்கு?" என்று இவரிடமிருந்து பதில் போனது. "என்னையும் பேஷண்டாக்கிட்டியா?" என்று அவர் போனில் கத்தியது அறை முழுக்கக் கேட்டது.

இப்போது திறந்திருப்பது ஒரு சிறுமியின் ஜன்னல். பெண், வயது பதினொன்று என்பதை மட்டும் நிரப்பியிருக்கிறாள். எட்டு நாளாக நான்கு மணிக்கு வருகிறாள். எழுதுகிறாள், அழிக்கிறாள், ஒன்றும் அனுப்பாமல் போய்விடுகிறாள். திரையில் 'எழுதுகிறார்' என்பது தோன்றித் தோன்றி மறையும். நான்காம் நாள் அது ஐந்து நிமிடம் விடாமல் தெரிந்தது. பொறுக்கமாட்டாமல், "சொல்லு கண்ணு, சொல்லு" என்று இவர் அனுப்பினார். அந்த நொடியே அவள் போய்விட்டாள். மறுநாள் அவள் வரும்வரை இவருக்குச் சோறு இறங்கவில்லை.

மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார். "யாரோ விளையாடுறாங்கக்கா. இன்னிக்கும் ஒண்ணும் வரலைன்னா இவங்கள தடுத்துடப் போறேன்."

"விளையாட்டுக்கு எட்டு நாள் மணி தவறாம வருவாங்களா சார்? நீங்க ஆபீசுக்கே அப்படி வர்றதில்ல."

'எழுதுகிறார்.'

புள்ளியக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "எழுதுறா... எழுதுறா... ஐயோ, அழிச்சுட்டா! இருங்க இருங்க, மறுபடி எழுதுறா!" பக்கத்து மேசைகள் காலியாகின. எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால். மேற்பார்வையாளரும் நகரவில்லை.

டிங்.

"நீங்க மெஷினா, ஆளா?"

யாரோ கைதட்டினார்கள். இந்தக் கேள்விக்கென்றே ஆயத்த பதில் ஒன்று உண்டு. பொத்தானை அழுத்தினால் போதும். புள்ளியக்கா அதைத் தொடவில்லை. "ஆளுதான். முட்டி வலிக்குது. மெஷினுக்கு வலிக்குமா?" என்று இரண்டே விரலால் தட்டினார்.

டிங். "எண்ணெய் விட்டுப் பாருங்க."

அறையே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்தது: "ஒண்ணு சொல்லணும். இப்ப நீங்க மட்டும்தான் இருக்கீங்களா?"

புள்ளியக்கா திரும்பினார். ஆறு தலைகள்.

"போங்க எல்லாரும்! சர்க்கஸா நடக்குது? சார், உங்களுக்குத் தனியா வேற சொல்லணுமா?"

அவரவர் இடத்துக்கு ஓடினோம். திரையை எங்கள் கண்ணில் படாதபடி திருப்பிக்கொண்டு, பதில் தட்டி அனுப்பினார். பிறகு விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துத் தொடைகளுக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.