கப்பல்காரர் வீட்டுச் சம்பந்தம்

என் அக்கா மகள் ராக்கெட் செய்கிறாள் என்று காஞ்சிபுரம் முழுக்கச் சொல்லிவைத்தவன் நான்தான். ராக்கெட் என்றால் செயற்கைக்கோளை மேலே கொண்டுபோய் விடுவது என்றே நினைத்திருந்தேன். அவளும் வேலையைப் பற்றி வீட்டில் அதிகம் பேசமாட்டாள்.

போன மாசியில் ஓரிக்கையிலுள்ள அக்கா வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் இன்ஜினியர். முன்பு வந்த இடங்களெல்லாம் பெண் அதிகம் படித்துவிட்டாள் என்று நழுவிவிட்டதால், இதாவது அமைய வேண்டுமே என்று அக்கா தவித்துக்கொண்டிருந்தாள்.

கேசரித் தட்டைக் கையில் வைத்தபடி மாப்பிள்ளையே கேட்டார். "எந்த ராக்கெட்ல வேலைங்க?"

"ராக்கெட் இல்லீங்க, ஏவுகணை. கப்பலை அடிக்கிறது. மாமா சும்மா ராக்கெட்னு சொல்லிக்கினு திரியறாரு."

மாப்பிள்ளையின் அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். என் வாய் சும்மா இருக்குமா? "கப்பல் கவுந்தாலும் கன்னத்துல கை வெக்கக் கூடாதும்மா" என்றேன். யாரிடம் சொல்கிறோம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

"என் புள்ள செங்கடல்ல போயிக்கினு இருக்கறப்ப, முன்னால போன கப்பல் மேல ஒண்ணு வுழுந்துது. இவன் போன் வர்ற வரைக்கும் எனக்குச் சோறு எறங்கல. நீ அதையா செய்யறே?" என்றார் அந்த அம்மாள்.

பெண் தலை குனியவில்லை. "அந்தக் காலத்துல செஞ்சதுங்க, கடல்ல எது பெருசா தெரியுதோ அது மேல போய் வுழும்மா. சரக்குக் கப்பல்தான் பெருசு. இது போர்க்கப்பல், இது இவங்க போற மாதிரி சரக்குக் கப்பல்னு அதுவே பிரிச்சுப் பாக்க வெக்கிறதுதான் என் வேலை."

"அப்ப என் புள்ள கப்பல் அதுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்லித் தொலையேன் என்று என் மனசு அடித்துக்கொண்டது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள். நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று.

"முக்காவாசி தெரியும். எப்பவும் தெரியும்னு சொல்ல மாட்டேன்மா. மழையிருந்தா, கப்பலுங்க நெருக்கமா போனா, ஏமாந்துடும். மத்த நாட்டுக்காரங்க செய்யறது எப்படியோ, எனக்குத் தெரியாது."

அந்த அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, "இலையைப் போடும்மா, பசிக்குது" என்றார்.

எங்கள் பக்கம் சம்பந்தத்தில் சம்மதமில்லாத வீட்டில் இலை போட்டுக் கை நனைக்க மாட்டார்கள். அக்கா அடுப்படிக்கு ஓடினாள்.

பந்தியில் அந்த அம்மாள் மகனிடம், "அடுத்த தபா எதுல ஏறலாம்னு இவகிட்ட கேட்டுக்கினு போ" என்றார். எல்லாரும் சிரித்தோம். பெண் சிரிக்கவில்லை. மாப்பிள்ளைக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டே, "செங்கடல் வேணாம், ஆப்பிரிக்காவைச் சுத்திக்கினு போற கப்பலா பாத்து ஏறுங்க" என்றாள்.